புகையைப் பிடித்து மையாக்கியவர்

பீச்சில் இருந்து வரும் மின்சார ரயில் தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் நிற்கும். அந்த இடத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். தினமும் அதில் ஏறி இறங்கும் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும்?

சானடோரியம் என்றால் காசநோயாளிகளை நல்ல காற்று, வெயில், சத்தான உணவு, ஓய்வு ஆகியவற்றால் தேற்றும் இல்லம். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் அப்படி ஓர் இல்லத்தை நடத்திய அனுபவம் கொண்ட டாக்டர் சவுரி முத்து, 1928-ல் தாம்பரத்தில் இதைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1943-ல்தான். அதுவரை சுத்தமான காற்றுதான் பெரிய மருந்து. 1937-ல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த இல்லம் இன்று நெஞ்சக நோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனையாக இருக்கிறது.

ஆக, தாம்பரம் ஒரு காலத்தில் காற்று வாங்கப் போகும் ஊர்! இன்று அதே சானடோரியம் பஸ் ஸ்டாப்பில் ஜிஎஸ்டி சாலையைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். கைக்குட்டையில் கறுப்பாக ஒட்டும். அதில் மண் தூசியும் இருக்கும், டீசல் புகைக்கரியும் இருக்கும்.

அந்தக் கறுப்பைப் பார்த்து எல்லோரும் முகம் சுளிப்போம். ஓர் இந்திய இளைஞர் அதைப் பார்த்து, "இதை பிரிண்டரில் ஊற்றினால் என்ன?" என்று யோசித்தார். அவருடைய கதையும், அதே கரியை வேறு வழியில் ஒழிக்க வந்த வண்டி சென்சாரின் கதையும்தான் இந்தக் கட்டுரை.

மை என்றாலே கரிதான்

தமிழில் "மை" என்ற ஒரே எழுத்துச் சொல்லுக்கு எத்தனை பொருள்! கண்ணுக்கு இடுவதும் மை, பேனாவில் ஊற்றுவதும் மை, கருநிறமும் மை. இந்த மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாமே விளக்குக் கரியில் இருந்து வந்தவை.

பாட்டிமார் குழந்தைக்கு மை தயாரிக்கும் முறை நினைவிருக்கிறதா? விளக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் தட்டின் அடியில் மெல்லிய கறுப்புத் தூள் படிந்திருக்கும். அதைச் சுரண்டி எண்ணெயில் குழைத்தால் கண்மை. எண்ணெய் முழுவதும் எரியப் போதுமான காற்று கிடைக்காதபோது எரியாமல் மிச்சமாகும் கார்பன் துகள்தான் அந்தத் தூள்.

ஓலைச்சுவடிக்கும் இதுவே கை கொடுத்தது. எழுத்தாணியால் ஓலையில் எழுதும்போது கீறல்தான் விழும், எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து ஓலை மேல் தேய்த்துத் துடைப்பார்கள். கீறலுக்குள் மட்டும் கரி தங்கி, எழுத்து பளிச்சென்று தெரியும். பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம் போன்ற இடங்களில் பாதுகாக்கப்படும் சுவடிகளை இன்றும் படிக்க முடிகிறது என்றால் அதில் இந்தக் கரிக்கும் பங்கு உண்டு. கார்பன் எளிதில் நிறம் மாறாது, வெயிலில் வெளுக்காது.

எகிப்தியரும் சீனரும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புகைக்கரியைப் பிசினில் குழைத்து மை செய்தார்கள். ஐரோப்பாவில் அச்சு எந்திரம் வந்தபோது அதே கரியை எண்ணெயில் குழைத்து அச்சு மை ஆக்கினார்கள். சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ் எழுத்துகளை அச்சிடத் தொடங்கியது 1713-ல். அச்சு எழுத்து புதிதாக இருந்தது, மைக்குள் இருந்த சரக்கு பாட்டியின் தட்டுக்கு அடியில் இருந்த அதே பழைய சரக்கு.

இன்று இந்தக் கரியைத் தொழிற்சாலைகளில் செய்கிறார்கள். கனமான எண்ணெயைப் பெரிய உலையில் வேண்டுமென்றே அரைகுறையாக எரித்து "கார்பன் பிளாக்" எடுக்கிறார்கள். இதில் பெரும்பகுதி டயருக்குப் போகிறது. டயர் கறுப்பாக இருப்பதற்கும், சீக்கிரம் தேயாமல் உழைப்பதற்கும் இதுதான் காரணம். ஒரு சிறு பகுதி மைக்கும் பெயின்டுக்கும் போகிறது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரி வேண்டும் என்று ஒரு பக்கம் எண்ணெயை எரிக்கிறோம். இன்னொரு பக்கம், வேண்டாத கரியை எல்லா டீசல் வண்டிகளும் சும்மாவே கக்குகின்றன.

ஒரு சொட்டு மையின் விலை

கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டால் சொல்லுவார், பிரிண்டரை வாங்குவது சுலபம், கார்ட்ரிட்ஜ் வாங்குவதுதான் கஷ்டம் என்று. இதற்குப் பின்னால் ஒரு நல்ல கண்டுபிடிப்பும் ஒரு சாமர்த்தியமான வியாபாரமும் இருக்கின்றன.

1977-ல் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் ஓர் ஆய்வாளரின் சூடான பற்றவைப்புக் கோல், மை நிரப்பிய ஊசியின் மேல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையில் இருந்து மை பீய்ச்சி அடித்தது. சூட்டில் மைக்குள் குமிழி உண்டாகி, அந்தக் குமிழி மையை வெளியே தள்ளிவிட்டது. இச்சிரோ எண்டோ தலைமையிலான குழு இதை வைத்து "பபிள் ஜெட்" முறையை உருவாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் எச்.பி. நிறுவனத்தின் ஜான் வாட் என்பவரும் இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்தார். 1984-ல் எச்.பி.யின் திங்க்ஜெட் பிரிண்டர் சந்தைக்கு வந்தது.

திங்க்ஜெட்டில் மை மட்டும் தீரவில்லை. மையைத் தெளிக்கும் தலைப் பகுதியும் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே இருந்தது. மை தீர்ந்தால் தலையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக இது நல்ல யோசனை, ஏனென்றால் நுண்துளை அடைத்துக்கொண்டால் கவலை இல்லை. வியாபார ரீதியாகவோ இது தங்கச் சுரங்கம். பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் லாபம் பார்க்கலாம். ஷேவிங் ரேசரைக் குறைந்த விலைக்குக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பதைப் போல.

காப்புரிமை, அதாவது பேட்டன்ட், இதற்குக் காவல் நின்றது. ஒரு கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட் கிடைத்தால் விண்ணப்பித்த நாளில் இருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதை அனுமதி இல்லாமல் செய்யவோ விற்கவோ முடியாது. பதிலுக்குக் கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை ஊரறிய எழுதி வைக்க வேண்டும். நியாயமான பண்டமாற்றுதான். ஆனால் காலி கார்ட்ரிட்ஜில் வேறு யாராவது மை நிரப்பி விற்றால்? அதுவும் பேட்டன்ட் மீறலா? லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடர்ந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பு சொன்னது: ஒரு முறை பொருளை விற்றுவிட்டால் அதன் மேல் உள்ள பேட்டன்ட் உரிமை அத்தோடு தீர்ந்தது, வாங்கியவர் அதை என்ன செய்தாலும் பேட்டன்டைக் காட்டித் தடுக்க முடியாது.

நம் ஊர் ரீஃபில் கடைகள் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். ஊசியும் மை பாட்டிலுமாக அவர்கள் பல வருடங்கள் முன்பே தொழிலைத் தொடங்கிவிட்டார்கள். ஆசிய நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான். கடைசியில் எப்சன் நிறுவனமே 2010-ல் இந்தோனேசியாவில் பாட்டிலில் இருந்து மை ஊற்றிக்கொள்ளும் டேங்க் பிரிண்டரைக் கொண்டு வந்தது. பிறகு அது இந்தியாவுக்கும் வந்தது.

மலிவான கரியில் பிறந்த மை, பூட்டி வைக்கும் பொருளானது இப்படித்தான். இந்தப் பூட்டை ஒருவர் எதிர்பாராத பக்கத்தில் இருந்து தட்டினார்.

உடையில் விழுந்த கரும்புள்ளி

அவர் பெயர் அனிருத் சர்மா. அப்போது எம்.ஐ.டி. மீடியா லேப் மாணவர். எம்.ஐ.டி. என்றதும் குரோம்பேட்டை என்று நினைத்துவிட வேண்டாம், இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது! பார்வையற்றவர்களுக்கு அதிர்வு மூலம் வழி சொல்லும் காலணியை உருவாக்கி ஏற்கனவே பெயர் வாங்கியவர்.

இந்தியா வந்திருந்தபோது உடையில் படிந்த கறுப்புத் துகள்களைக் கவனித்தார். தூசி என்று தட்டிவிடாமல் விசாரித்துப் பார்த்ததில் அது புகைக்கரி என்று தெரிந்தது. கரி என்றால் மை. மை என்றால் பிரிண்டர். 2013-ல் இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அவர் செய்து காட்டிய முதல் மாதிரி மிக எளிமையானது. ஒரு மெழுகுவத்தியின் புகையைப் பம்பு மூலம் உறிஞ்சி, கிடைத்த கரியைத் திரவத்தில் கலந்து, எச்.பி. கார்ட்ரிட்ஜில் நிரப்பி அச்சடித்தார். யோசித்துப் பார்த்தால் இது பாட்டியின் கவிழ்த்த தட்டும் திங்க்ஜெட்டும் சேர்ந்த கலவை.

மெழுகுவத்தியில் சரி, வண்டியில்? அதற்குப் பெங்களூரில் கிராவிக்கி லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சைலன்சர் முனையில் மாட்டும் உருளை வடிவக் கருவிக்கு "காலிங்க்" என்று பெயர். இந்தியில் காலா என்றால் கறுப்பு. அது புகையில் இருந்து கரியைப் பிரித்து உள்ளே சேர்த்து வைக்கும். அந்தக் கரியில் கிடைத்த மைக்கு "ஏர் இங்க்" என்று பெயர் வைத்தார்கள்.

பிடித்த கரியை அப்படியே மையாக்க முடியாது. வண்டிப் புகையில் எஞ்சின் ஆயிலின் மிச்சம், கன உலோகங்கள், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரசாயனங்கள் எல்லாம் ஒட்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் சேர்த்தது. எனவே கரியைச் சுத்தப்படுத்தி கார்பனைத் தனியாக எடுக்க வேண்டும். பிறகு மிக நுண்மையாக அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைமுடியை விட மெல்லிய பிரிண்டர் துளைகள் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்.

2016-ல் ஒரு பீர் கம்பெனியின் விளம்பர உதவியோடு ஏறக்குறைய 150 லிட்டர் ஏர் இங்க் தயாராகி, ஹாங்காங்கில் ஓவியர்கள் அதைக் கொண்டு தெருச் சுவர்களில் வரைந்தார்கள். 2017-ல் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பேனாக்களும் வந்தன. ஒரு 30 மில்லி பேனாவுக்கு வேண்டிய கரி, ஒரு டீசல் வண்டியின் 45 நிமிடப் புகையில் கிடைக்கும் என்று நிறுவனம் சொன்னது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

இதற்கிடையில், அதே கரியின் மேல் கண் வைத்த இன்னொரு கண்டுபிடிப்பு விளம்பரம் ஏதும் இல்லாமல் வண்டிகளுக்குள் புகுந்துகொண்டிருந்தது.

சைலன்சருக்குள் ஒரு காவல்காரர்

எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் வேண்டும். 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. காற்று குறைந்தால் பாட்டியின் விளக்கு போல அரைகுறையாக எரிந்து புகையும். பழைய கார்புரேட்டரில் இந்த விகிதத்தை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் திருகி, காதால் கேட்டுச் சரி செய்வார். நல்ல மெக்கானிக் என்றால் நல்ல காது! ஆனால் வண்டி ஓட ஓட விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். கூடவே ஓடி வந்து திருக யாரால் முடியும்?

அந்த வேலையைச் செய்வதுதான் ஆக்சிஜன் சென்சார். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கியது. "லாம்டா சென்சார்" என்றும் சொல்வார்கள். சிர்கோனியம் ஆக்சைடு என்ற பீங்கான் வகைப் பொருளில் செய்த, விரல் நுனி போன்ற ஒரு பகுதி புகைக்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால் இரு பக்கத்து ஆக்சிஜன் அளவில் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தம் கொடுக்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் 0.1 வோல்ட் அளவில், இல்லாவிட்டால் 0.9 வோல்ட் அளவில். இதைப் படித்து எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஒரு நொடிக்குள் இது நடந்துவிடும்.

விகிதம் சரியாக இருந்தால்தான் கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற நச்சு மாற்றி ஒழுங்காக வேலை செய்யும். 1976-ல் வால்வோ கார்களில் இந்தச் சென்சார் முதன்முதலாக வந்தது, கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்காக. கலிஃபோர்னியா அரசு விதி போடாமல் இருந்திருந்தால் வால்வோ இதை அப்போது மாட்டியிருக்குமா என்பது சந்தேகம்.

இந்தியாவிலும் இதே வரிசைதான். எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் காட்டிய கண்டிப்பின் தொடர்ச்சியாக, 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயம் ஆனது. கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது, ஏனென்றால் ஈயம் பட்டால் கன்வர்ட்டரும் கெடும், சென்சாரும் கெடும். 2010-ல் சென்னை போன்ற பெரிய நகரங்களில் பி.எஸ். 4, 2017-ல் நாடு முழுவதும். பிறகு 5-ஐ விட்டுவிட்டு ஒரே தாவாக 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6.

பி.எஸ். 6-ல்தான் நம் கரி மாட்டிக்கொண்டது. டீசல் காரின் கரித்துகள் அளவு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமில் இருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. இதற்காக டீசல் கார்களின் புகைக்குழாயில் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி வைத்தார்கள். கரி அதன் சுவர்களில் தங்கிவிடும். தங்கிக்கொண்டே போனால் அடைத்துக்கொள்ளாதா? அதற்கும் ஒரு சென்சார். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அது ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் அதிகமானால் கரி சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். (டீசல் காரை டிராஃபிக்கில் மட்டுமே ஊர்ந்து ஓட்டுபவர்களுக்கு இந்தச் சூடு கிடைக்காமல் விளக்கு எரிவது இதனால்தான்.)

இரு சக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் போய், எலக்ட்ரானிக் பெட்ரோல் செலுத்தியும் ஆக்சிஜன் சென்சாரும் வந்தன. தாம்பரத்தில் இருந்து மேற்கே போனால் வரும் ஒரகடத்தில், வாகனங்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. புகை அளவையும் அங்கே சோதிக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே கார் தொழில் வளர்ந்ததோடு புகையை அளக்கும் தொழிலும் வளர்ந்திருக்கிறது.

ஆக, ஒரே கரிக்கு இரண்டு தீர்வுகள். சர்மாவின் கருவி கரியைச் சேமித்து மையாக்குகிறது. வடிகட்டியும் சென்சாரும் கரியைச் சேர்த்து வைத்து எரித்துவிடுகின்றன. எது ஜெயித்தது?

கணக்குப் பார்த்தால்

ஒரு பேனாவுக்கு 45 நிமிடப் புகை. 150 லிட்டருக்கு 5,000 பேனா அளவு. அதாவது 3,750 மணி நேரம். ஒரே வண்டி என்றால் எஞ்சினை அணைக்காமல் 156 நாள் ஓட்ட வேண்டும். இது பழைய புகை வண்டியின் கணக்கு. பி.எஸ். 6 விதி கரியை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. அதே விகிதத்தில் பார்த்தால் ஒரு பேனாவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட வேண்டும். மின்சார வண்டியில் சைலன்சரே கிடையாது.

கழிவை மூலப்பொருளாகக் கொண்ட தொழிலின் சிக்கல் இதுதான். ஊர் சுத்தமாக ஆக, கடைக்குச் சரக்கு குறையும்.

இரண்டாவது சிக்கல், சேகரிக்கும் செலவு. பழைய பேப்பர்காரர் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்றால் அங்கே பத்து கிலோவாவது சேர்ந்திருக்க வேண்டும். ஒரு தாள், ஒரு தாளாக ஆயிரம் வீடுகளில் வாங்கச் சொன்னால் அவருக்கு சைக்கிள் டயர் தேய்மானம்கூடக் கட்டாது. ஆயிரக்கணக்கான வண்டிகளில் கருவி மாட்டி, ஒவ்வொன்றிலும் கிராம் கணக்கில் கரி எடுத்து, சுத்தம் செய்து, எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். தொழிற்சாலை உலையில் இருந்து கார்பன் பிளாக் ஒரே இடத்தில், ஒரே தரத்தில், டன் கணக்கில் கொட்டுகிறது.

இதனால்தான் ஓரிடத்தில் நிற்கும் புகைமூலங்கள் மேல் கவனம் திரும்பியது. டெல்லியில் 2016-ல் தொடங்கப்பட்ட சக்ர் இன்னொவேஷன் என்ற நிறுவனம் டீசல் ஜெனரேட்டர்களில் கருவி மாட்டிக் கரியைப் பிடிக்கிறது. அதில் இருந்தும் மை செய்து காட்டினார்கள். 2012-ல் தமிழ்நாட்டின் மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். கடைக்குக் கடை ஜெனரேட்டர் ஓடிய நாட்கள் அவை.

மூன்றாவது சிக்கல்தான் எல்லாவற்றிலும் பெரியது. காசு யார் கொடுப்பது? கருவியை மாட்டுபவர் வண்டிக்காரர், செலவு அவருடையது. சுத்தமான காற்றைச் சுவாசிப்பவர்கள் பின்னால் வரும் அத்தனை பேரும். ஒருவர் செய்யும் காரியத்தின் செலவோ பலனோ சம்பந்தம் இல்லாத மற்றவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்பார்கள். இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த மாதிரி இடத்தில் சந்தை தானாகச் சரி செய்யாது, வரியோ விதியோ மானியமோ வேண்டும் என்பது அவர் வாதம்.

சென்சாருக்குப் பின்னால் விதி இருந்தது. பி.எஸ். 4 வண்டிகளை 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மேல் எந்தக் கம்பெனியும் மறுக்க முடியவில்லை. செலவு வண்டி விலையில் ஏறியது, எல்லோரும் கொடுத்தோம். காலிங்க் கருவியை மாட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அது ஆர்வம் உள்ளவர்களின் நல்ல மனதை நம்பியது. புத்திசாலித்தனத்தில் இரண்டும் சமம்தான். ஒன்றின் கையில் மட்டும் சட்டம் இருந்தது.

அப்படியானால் மை தோற்றதா?

அவசரப்பட வேண்டாம்.

முதலில், பி.எஸ். 6 என்பது புதிய வண்டிகளுக்கு. 2020-க்கு முன் வாங்கிய லாரிகளும் வேன்களும் இன்னும் சாலையில் ஓடுகின்றன. அவற்றுக்கு வடிகட்டி கிடையாது, புகைப் பரிசோதனைச் சான்று மட்டும்தான். சான்று ஒட்டிய வண்டியே கறுப்பாகப் புகை விட்டுப் போவதைப் பார்க்காதவர் உண்டா? பழைய வண்டியின் புகையைக் குறைக்க, பின்னால் மாட்டும் கருவிதான் வழி. அந்த யோசனைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இரண்டாவது, சென்சார் செய்வது கண்ணுக்குத் தெரியாது. நுண்துகள்களின் அளவு 2.5 மைக்ரானுக்கும் கீழே, தலைமுடியின் கனத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் கடைசி மூலை வரை போகும் அந்தத் துகளை மனிதர் பார்ப்பதே இல்லை. சர்மா செய்த பெரிய காரியம் அதைப் பாட்டிலில் அடைத்து மேசை மேல் வைத்ததுதான். "45 நிமிடத்தில் ஒரு பேனா அளவு கரி, இதைத்தான் எல்லோரும் மூச்சில் இழுக்கிறீர்கள்" என்று காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை ஒரு பாட்டில் செய்யும். விதிகள் வருவதற்கு முன்னால் அந்த விதி வேண்டும் என்று மக்களுக்குத் தோன்ற வேண்டும் அல்லவா?

மூன்றாவது, டீசல் கரி ஒழிந்தாலும் தூசி முழுவதும் ஒழிந்துவிடாது. மின்சார வண்டிக்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு. தேயும் டயரில் இருந்து வருவதும் கார்பன் பிளாக் கலந்த ரப்பர்தான்! கரி வேறு வேஷத்தில் வருகிறது. அதைப் பிடிக்க இன்னொரு அனிருத் சர்மா வர வேண்டியிருக்கும்.

1931-ல் பீச்–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, நிலக்கரிப் புகை இல்லாத ரயில் இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. சானடோரியம் தொடங்கி அப்போது மூன்றே வருடம். ரயிலுக்கு 1931-ல் நடந்தது சாலைக்கு நடக்க 90 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. 2025-ல்தான் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் வியாசர்பாடி, பெரும்பாக்கம் பணிமனைகளில் இருந்து ஓட ஆரம்பித்தன.

டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தின் காற்றை நம்பி ஒரு மருத்துவமனை கட்டினார். அதே நம்பிக்கையோடு இன்று யாராவது ஜிஎஸ்டி சாலை ஓரம் சானடோரியம் கட்டுவார்களா? அடுத்த முறை அந்த ஸ்டேஷனில் இறங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரியும்.